மீந்து வந்த இரண்டு துணி

பெரிய காஞ்சிபுரம்
20.9.2024

அன்புள்ள அம்பரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று வழக்கம்போல எழுத வந்தேன், பேனா நின்றுவிட்டது. நலமாக இருக்க மாட்டாய் என்று எனக்கே தெரியும்.

எட்டு நாளாக உன் நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு மணி அடித்ததும் கட்டாகிறது. ஷாஹித்திடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "அக்கா உன்ன பிளாக் பண்ணி வெச்சிருக்குதுமா" என்றான். ஓரிக்கைக்கு ஆட்டோ பிடித்தால் கால் மணி நேரம். அதற்குப் போய் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நேரில் வரலாம் என்றால், மறுநாள் வந்தபோது நீ கேட்டைச் சாத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உங்களோடு இருந்த சாய்மா மவுத்தான அன்று நடந்ததற்கு நான் என்ன செய்ய முடியும், சொல். குளிப்பாட்டத்தான் வந்தேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி அடக்கத்துக்கு அனுப்புகிறவள் நான். சாய்மாவுக்கு வாக்கும் கொடுத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பானுமா, என்ன நீதான் கழுவணும். ஆம்பளைங்க கையில உட்றாத" என்றாள். சரி என்றேன். மறக்கவில்லை.

ஆனால் நான் வேனை விட்டு இறங்கும்போதே உங்கள் வாசலில் பள்ளிவாசல் கமிட்டி ஆண்கள் எட்டுப் பேர். "நீங்க போங்கமா, இத நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். என்னோடு வந்த மூன்று பெண்களும் வேனை விட்டு இறங்கவே இல்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்பிள்ளை நான் என்ன செய்வேன்? அவள் திருநங்கை என்று எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா.

உன் அம்மாவின் அக்கா நான். உன்னைப் பெற்றவள் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று போனபோது, உன்னை முதன்முதலில் அம்பரீன் என்று கூப்பிட்டவளும் நான்தான். அதை நினைத்தாவது நாலு வரி எழுது.

வீட்டு முகவரிக்கு வேண்டாம். இவர் தபாலைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் தருவார். எதிர்ச்சாரி கிருஷ்ணவேணியின் ஜாக்கெட் கடைக்குப் போடு.

உன் காலா,
ஷமீம் பானு


ஓரிக்கை
26.9.2024

காலா,

வ அலைக்கும் ஸலாம். போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள். நீங்கள் அழுதால் நான், "சரி, உடுங்க காலா" என்று சொல்லித் தொலைப்பேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் நம்பர் பிளாக்கிலேயே இருக்கட்டும்.

நீங்கள் வேன் ஏறிப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பின்பக்கம் திரை கட்டி, இலந்தை இலை போட்டு வெந்நீர் வைத்து, கற்பூரம் பொடித்து எல்லாம் தயாராக வைத்திருந்தோம். நாலு ஆண்கள் உள்ளே போனார்கள். எங்களைப் பெண்கள் என்று சொல்லி வெளியே நிற்கவைத்தார்கள். அவரை ஆண் என்று சொல்லி உள்ளே எடுத்துப் போனார்கள். ஒரே வாசலில் ஒரே ஆட்கள் இரண்டையும் சொன்னார்கள், காலா.

சாய்மா அம்மா தன் கஃபன் துணியை மூன்று வருடமாக டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். நீங்கள்தான் அளந்து வெட்டிக் கொடுத்தீர்கள். பெண்ணுக்கு ஐந்து துணி. உள்ளே போனது ஐந்து. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் வெளியே வந்து இரண்டை என் கையில் கொடுத்தார். தலைக்குப் போடுகிற துணி, மார்புக்குக் கட்டுகிற துணி. "ஆம்பளைக்கு மூணு போதும்மா" என்றார். கெட்ட ஆளாகக்கூடத் தெரியவில்லை. மீந்த துணி வீணாகக் கூடாதே என்று கொடுப்பவர் மாதிரி, மடித்துக் கொடுத்தார்.

பிறகு மைக்கில் மரண அறிவிப்பு. முப்பது வருடத்துக்கு முன்னால் அவர் விட்டுவிட்டு வந்த பெயரைச் சொன்னார்கள். எனக்கே அன்றுதான் அந்தப் பெயர் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். யார் சொன்னது? தெருவில் எல்லோரும் அவரை எங்கள் வீட்டுச் சமையல்கார அம்மா என்றே நினைத்திருந்தார்கள். ஆதாரில் பெண். ஆஸ்பத்திரிச் சீட்டில் பெண். அந்தப் பழைய பெயர் இருந்தது ஒரே இடத்தில்தான். ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் இருந்த பழைய ஆபரேஷன் சீட்டில். அதனால் அங்கிருந்துதான் வெளியே போயிருக்கும் என்கிறார், எங்களை எல்லாம் ஒரு வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் லில்லி அக்கா. அவர் நர்ஸாக இருந்தவர், அவருக்குத் தெரியும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அந்த இரண்டு துணியும் என்னிடம்தான் இருக்கிறது.

அம்பரீன்


பெரிய காஞ்சிபுரம்
1.10.2024

அன்புள்ள அம்பரீன்,

உன் கடிதத்தைக் கிருஷ்ணவேணி கடை ஸ்டூலில் உட்கார்ந்தே படித்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "இன்னாக்கா, மூஞ்சி இப்டி போச்சி" என்றாள். சர்க்கரை ஏறியிருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

யார் சொன்னால் என்னமா? போனவள் திரும்பி வருவாளா? ஆஸ்பத்திரியில் ஆயிரம் கண், ஆயிரம் காது. யாரென்று பிடிப்பாய்? அதையே நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்காதே. ஐப்பசி முகூர்த்தம் வருகிறது, புடவை முந்தானைக்குக் குச்சு கட்டும் வேலை உனக்குக் குவிந்திருக்கும். கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்.

நேற்று ஏகாம்பரநாதர் சன்னதித் தெரு பக்கம் போனேன். நீ வேலை எடுக்கும் பட்டுக் கடையில் எட்டிப் பார்த்தேன். "அம்பரீன் கட்டுனா முடிச்சி அவுறாதுமா" என்று முதலாளி சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ரவையில் தம்ரூட் செய்து ஒரு டப்பா கிருஷ்ணவேணியின் மகளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஏழு பேருக்கும் வரும். லில்லிக்கு முந்திரி ஆகாது, அவளுக்குத் தனியாக ஓரத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் கூடிப் பேசும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வரலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல். மூன்று வாரமாக அந்த நேரத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை.

காலா


ஓரிக்கை
14.10.2024

காலா,

தம்ரூட் வந்தது. ரேவதி மட்டும் தின்றாள். அவளுக்கு யார் மீதும் கோபம் நிற்காது.

உங்கள் கடிதத்தை லில்லி அக்காவிடம் காட்டினேன். "பாத்தியா, பானு அக்காவும் அதான் சொல்றாங்க" என்றார். அன்றே உட்கார்ந்து புகார் எழுதினோம். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். வார்டில் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் சிட்டிபாபு. அட்டெண்டர். உங்களுக்கு நினைவிருக்கும், சாய்மா அம்மாவுக்கு மோர் வாங்கி வந்து கொடுப்பாரே, அவர்தான். வார்டு முழுக்க 'இந்தா, ஏய்' என்று கூப்பிட்டபோது 'அம்மா' என்று கூப்பிட்ட ஒரே ஆள்.

விசாரணை முடியும்வரை அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முந்தாநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றார். "நான் ஒரு வார்த்த யார்கிட்டயும் சொல்லலமா. என் புள்ளைங்க மேல சத்தியம்" என்றார். அந்த அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டைத் திறக்கவில்லை. உங்களுக்குத் திறக்காத மாதிரியே.

மாட்டிக்கொண்டவன் எவனும் சத்தியம்தான் செய்வான் என்கிறார் லில்லி அக்கா. இருக்கலாம். ஆனால் அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பன்னிரண்டு கல்யாணப் புடவைக்குக் குச்சு கட்ட வேண்டும். கட்டிய முடிச்சையே பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவள், தான் கண்டதை வெளியில் சொல்லக் கூடாது, அது அமானத், நம்பி ஒப்படைத்தது என்று நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னீர்கள் அல்லவா? அன்றைக்கு சாய்மா அம்மாதான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் அப்படி ஒரு வாய்க்கட்டு வேண்டும் என்று லில்லி அக்கா புகாரில் சேர்த்திருக்கிறார். உங்கள் வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறார்.

காலா, இதைவிட உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள்.

அம்பரீன்


பெரிய காஞ்சிபுரம்
17.10.2024

அம்பரீன்,

சிட்டிபாபு சொல்லவில்லை. நான் சொன்னேன்.

சாய்மா போன செய்தியை நீ சொன்னபோது மணி எட்டு இருக்கும். இவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டே கேட்டேன். "ஒரு சந்தேகம்ங்க. சாய்மா பொறந்தது வேற மாதிரி. ஆனா பொம்பளையாத்தான் வாழ்ந்தா. நான் குளிப்பாட்டலாம்தானே?" என்றேன். அவ்வளவுதான். சரி, போய் வா என்று சொல்வார் என்று நினைத்தேன். முப்பத்தைந்து வருடமாக எதையும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் செய்ததில்லை. கண்ணாடி மாற்றினாலும் கேட்பேன். உன் அம்மா வீட்டுக்குப் போனாலும் கேட்பேன். அந்தப் பழக்கத்தில் இதையும் கேட்டுவிட்டேன்.

அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "இரு, கமிட்டில கேட்டுட்டு சொல்றேன்" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "பொறந்தப்போ பேரு இன்னா?" என்றார். ஆஸ்பத்திரியில் அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். சாய்மாதான் என்று சொல்லியிருக்கலாம். அதில் படித்த அந்தப் பழைய பெயரைச் சொன்னேன்.

அவர் கெட்ட எண்ணத்தில் போகவில்லை. அவருக்கும் யாரையாவது கேட்டுத்தான் பழக்கம். கமிட்டியும் இன்னும் யாரையோ கேட்டிருக்கும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கத்தினால் சாவது தவளைதான். நான் கத்தினதற்கு அவள் மூன்று துணியோடு போனாள். இப்போது சிட்டிபாபு வீட்டில் உலை வைக்கிறார்களோ இல்லையோ.

அமானத் என்றாய். நான் இன்னும் அவளைத் தொடவே இல்லை, தொட்ட பிறகுதானே வாயைக் கட்ட வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு மாதம் இருந்தேன். எப்பேர்ப்பட்ட சமாதானம் பார். மார்பு எடுத்த பெண்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன். பிறவியிலேயே கருப்பை இல்லாதவளை, தாடி முளைத்து ஆயுசு முழுக்க மழித்துக்கொண்டிருந்தவளைக் குளிப்பாட்டியிருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், அந்தப் பாவமும் வேண்டாம். இவர்கள் எல்லாம் பெண்தானா என்று நான் யாரிடமும் போய்க் கேட்டதில்லை. சாய்மாவுக்கு மட்டும் கேட்டேன். உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்து, மனசுதான் ஆண் பெண் எல்லாம் என்று அத்தனை பேசினேன். என் வீட்டுச் சமையலறையில் அது செல்லவில்லை.

மார்க்கத்துக்குப் பயந்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மை அது இல்லை. கூட வரும் அந்த மூன்று பெண்களுக்குப் பயந்தேன். நாளைக்கு விஷயம் தெரிந்தால் ஊரில் யாரும் தங்கள் வீட்டு மய்யித்தை என்னைத் தொட விடமாட்டார்களோ என்று பயந்தேன்.

இதோடு வேறு ஒரு தாள் வைத்திருக்கிறேன். சொன்னது நான், சிட்டிபாபு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். லில்லியிடம் கொடு. ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன்.

ஷமீம் பானு


ஓரிக்கை
5.11.2024

உங்கள் தாளைக் கொடுத்தோம். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். சிட்டிபாபு வேலைக்கு வந்துவிட்டார். நேற்று ரேவதியை ஊசிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவர்தான் சீட்டு வாங்கினார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா என்றும் சொல்லவில்லை, ஏய் என்றும் சொல்லவில்லை. லில்லி அக்கா மன்னிப்புக் கேட்கப் போனார். "பரவால்ல மேடம்" என்றாராம். அந்த ஆஸ்பத்திரியில் எங்களுக்கென்று இருந்த ஒரு ஆளும் போய்விட்டார்.

நீங்கள் என்னை வெறுத்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அம்மா வெறுக்கிறார், புரிகிறது. நீங்கள் என்னோடு நின்றீர்கள். டாக்டரிடம் வந்தீர்கள். கலெக்டர் ஆபீஸில் அடையாள அட்டைக்கு வரிசையில் நின்றீர்கள். அதனால்தான் சாய்மா அம்மா உங்கள் கையைப் பிடித்தார். வேறு யார் கையையும் பிடிக்கவில்லை.

உன்னை முதன்முதலில் அம்பரீன் என்று கூப்பிட்டவள் நான்தான் என்று எழுதினீர்கள். அன்றைக்கும் உங்கள் வீட்டுக்காரர் சத்தார் பாயிடம் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டீர்களா?

இனி எழுத வேண்டாம்.


பெரிய காஞ்சிபுரம்
23.2.2025

அம்பரீன்,

எழுத வேண்டாம் என்றாய். மூன்றரை மாதம் எழுதவில்லை. கேள்வி ஒன்று கேட்டிருந்தாய், அதற்குப் பதில் சொல்ல வேண்டாமா?

அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை. என் வீட்டு மாடியில் நீ ஊதா பார்டர் புடவைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருந்தாய். மழை வருகிற மாதிரி இருந்தது. துணி எடுக்க ஓடி வந்தவள், "அம்பரீன், அந்தப் பொடவய உள்ள எடுமா" என்றேன். அந்தப் பெயரை நீ எனக்கு முதல் நாள்தான் சொல்லியிருந்தாய். தானாக வந்தது. இத்தனை நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். என் ஆயுசில் யாரையும் கேட்காமல் நான் செய்த காரியம் அது ஒன்றுதான் இருக்கும்போலிருக்கிறது.

மேற்கொண்டு நடந்ததை எழுதுகிறேன். என்னோடு வரும் மூன்று பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இனி ஓரிக்கையில் இருந்து கூப்பிட்டால் போவேன், பெண் என்று வாழ்ந்தவளைப் பெண்ணாகக் குளிப்பாட்டுவேன், இஷ்டம் இருந்தால் வாருங்கள் என்றேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். கலிமா சொல்லப் பழகிய சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். அதிலிருந்து எங்கள் தெருவிலேயே இரண்டு மவுத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு மய்யித்துக்கு வேறு ஊரிலிருந்து ஆள் வந்து இறங்கியதை ஜன்னலில் பார்த்தேன். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

இவரிடமும் பேசினேன். கேட்கவில்லை, சொன்னேன். "ஊருக்குள்ள தல நிமிந்து நடக்க உடமாட்டியா" என்றார். இப்போது என்னோடு பேச்சில்லை. மருமகள்தான் அவருக்குத் தட்டு வைக்கிறாள். நோன்பு வரப்போகிறது, விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு அவரை யார் எழுப்புவார்கள் என்று தெரியவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. என் பெட்டியிலும் எனக்கென்று ஐந்து துணி இருந்தது. தலைத் துணியையும் மார்புத் துணியையும் எடுத்து, தாமலில் ஒரு ஏழைப் பெண்ணின் மய்யித்துக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது மூன்று. என்னைக் குளிப்பாட்டும் பெண்களில் அம்பரீன் ஒருத்தி என்று எழுதி, ஷாஹித்துக்கும் மருமகளுக்கும் படித்துக் காட்டி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஷாஹித் பேனாவை மூடிக்கொண்டே, "அக்கா வருமாமா?" என்றான்.

தெரியாது என்றேன். சாய்மாவின் இரண்டு துணி உன்னிடம் இருக்கிறது. நீ கொண்டுவந்தால் எனக்கு ஐந்து. வராவிட்டால் நானும் அவளை மாதிரி மூன்றோடு போகிறேன்.

காலா


ஓரிக்கை
4.3.2025

காலா,

இது மிரட்டல். தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, மூன்றோடு போகிறேன் என்பது மிரட்டல்தான். மிரட்டத் தெரிந்த ஆள் அன்றைக்கு அந்த எட்டுப் பேரை மிரட்டியிருக்கலாம்.

சாய்மா அம்மாவின் துணியைத் தர மாட்டேன். அது உங்களுக்கு இல்லை. எனக்கும் இல்லை. அவருடைய தட்டு டம்ளர் இருக்கும் அலமாரியில் அவருடைய பொருளாகவே இருக்கும். மன்னிப்பும் என்னிடம் இல்லை. அது அவரிடம் இருந்திருக்கும். அதைக் கேட்பதற்குள் அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் யாருக்கும் காட்டவில்லை. பிறகு ரேவதி எடுத்துப் படித்துவிட்டாள். அவள் சாமி கும்பிடுகிறவள். "எங்க ஊட்டு ஆளுங்க வந்தா எனக்கு வேட்டி கட்டி, மீச வரைஞ்சி அனுப்புவாங்க, தெரியுமா" என்றாள், சிரித்துக்கொண்டுதான். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஏழு பேரும் ஆளுக்கொரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறோம். எந்தப் பெயரில் போக வேண்டும், என்ன உடுத்த வேண்டும், யார் தொட வேண்டும், யார் தொடக் கூடாது. கல்லறையில் போட வேண்டிய எழுத்தை எப்படி எழுத வேண்டும் என்று லில்லி அக்கா ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். ஒரு வக்கீல் அம்மா வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள் எடுபடுமா என்று அவருக்கே நிச்சயமில்லை.

தாள் எழுதிவிட்டோம். கழுவத் தெரியாது. உடம்பை எப்படித் திருப்ப வேண்டும், தண்ணீரை எந்தப் பக்கம் முதலில் ஊற்ற வேண்டும், துணியை எப்படிப் போட்டு மூடிக்கொண்டே கழுவ வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. அன்றைக்கு ஆண்கள் உள்ளே போனபோது, "நாங்க கழுவிக்கறோம், போங்க" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராததற்கு அதுவும் ஒரு காரணம். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் உங்கள் மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேல் திரும்புகிறது.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். எங்கள் வாசலுக்கு வரக்கூடியவர்களில் அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் இந்தக் கடிதம். நம்பரை பிளாக்கிலிருந்து எடுக்கவில்லை.

நேற்று காந்தி ரோட்டில் வெள்ளைத் துணி எடுத்தேன். எனக்கு ஐந்து வெட்டினேன். உங்கள் உயரம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் இரண்டு வெட்டி மடித்து வைத்திருக்கிறேன். அளவு சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கேட் திறந்திருக்கும். சத்தார் பாயைக் கேட்டுவிட்டு வராதீர்கள். சொல்லிவிட்டு வாருங்கள்.

அம்பரீன்